தொடாத கை

“...அதத்தான் சொல்றனுங்க, நான் தொடவே இல்லை. கையை எடுத்துட்டேன். அதுவாத்தான் நடந்து வந்துச்சு.”

மில்லிங் மிஷின் ஓட்டும் வாழவந்திக்காரர் என் காதருகே வாயை வைத்து இதைச் சொன்னபோது, இரும்பைச் சீவும் கட்டர் இன்னும் முழுதாக நின்றிருக்கவில்லை. மில்லிங் மிஷினை நிறுத்தும் சிவப்புக் குமிழை அடித்தது நான்தான். கட்டரின் பல்லுக்கும் அவருடைய இடது கைக் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒரு காபிக்கொட்டை நுழையும், அவ்வளவுதான். தகரக் கூரையில் மழை அடித்தது. ஒருவர் பேசுவதை வாய் அசைவைப் பார்த்துத்தான் இன்னொருவர் புரிந்துகொள்ள வேண்டும், அப்படி ஒரு மழை. வாசல் வழியாகப் பனி உள்ளே வந்து கடைசல் மிஷின் வரைக்கும் பரவியிருந்தது. வாழவந்திக்காரர் பனி இறங்குது என்று சொல்ல மாட்டார். “பனி மேயுது” என்பார். அன்று அது எங்கள் பட்டறைக்குள்ளேயே மேய்ந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஏற்காடு பஜாரைத் தாண்டி வாழவந்தி போகும் ரோட்டில், ஒரு காபி எஸ்டேட்டின் ஓரத்தில் எங்கள் பட்டறை இருந்தது. காபிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின்களுக்கு ஷாப்ட், பல்சக்கரம், அப்படியே ஜீப்புகளுக்கு உடைந்து போனது எதுவானாலும் செய்து கொடுப்போம். நான் சேலத்திலிருந்து மலையேறி வந்தவன். கரண்ட் வேலை. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்தது கிடையாது; பிரித்துப் பார்த்தும், ஷாக் அடி வாங்கியும் கற்றதுதான். வேலையைவிட எனக்குப் பிடித்தது, வேலை நடக்கும்போது மனிதர்கள் பேசுகிற பேச்சு. அதைக் கேட்பதற்காகவே மெதுவாக ஒயர் இழுத்த நாட்கள் உண்டு.

அந்த மில்லிங் மிஷினை முதலாளி கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு பாக்டரியிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார். மற்ற மிஷின்களுக்கு இருப்பதுபோல டேபிளைத் தள்ளுவதற்கு இரும்புச் சக்கரங்கள் அதற்கு இல்லை. அவை இருந்த இடங்களைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். டேபிளை மோட்டார்கள்தான் நகர்த்தும். மோட்டாருக்கு நாம் சொல்வதற்கு ஒரு சின்னப் பெட்டி, நீளமான ஒயரில் தொங்கும். பெட்டியின் நெற்றியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருப்பு டயல். சுற்றிலும் நூறு கோடு. ஒரு கோடு திருப்பினால் ஒரு ‘டிக்’. டேபிள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நகரும். பக்கத்துச் சுவிட்சை மாற்றினால் அதே டிக்குக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகரும்.

ஒருநாள் டயலைப் பிரித்து வாழவந்திக்காரருக்குக் காட்டினேன். உள்ளே மெல்லிய கோடுகள் போட்ட ஒரு வட்டக் கண்ணாடி. ஒரு பக்கம் குட்டி விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கும் கண். வட்டம் சுற்றினால் வெளிச்சம் விட்டுவிட்டு விழும். விழுந்த வெளிச்சத்தை எண்ணி, பீரோ மாதிரி நிற்கும் கன்ட்ரோல் பெட்டி மோட்டாருக்குச் சொல்லும். டயலுக்கும் டேபிளுக்கும் நடுவில் இரும்பால் ஆன சம்பந்தம் எதுவும் இல்லை.

அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “அப்ப நான் திருப்பறது மிஷினை இல்லைங்களா?”

“இல்லீங்ணா. வெளிச்சத்தைத்தான் திருப்பறீங்க.”

அன்றிலிருந்து அதற்குப் பொம்மைச் சக்கரம் என்று பேர் வைத்துவிட்டார். பழைய சக்கரத்தில் கட்டர் இரும்பைக் கடித்தால் மணிக்கட்டில் தெரியும். கெட்டி இரும்பு என்றால் முரண்டு பிடிக்கும், கட்டர் மழுங்கியிருந்தால் சிணுங்கும். இந்த டயலோ இரும்புக்கும் காற்றுக்கும் ஒரே மாதிரித்தான் சுற்றும். “பழைய சக்கரம் மாடு கறக்கற மாதிரிங்க தம்பி. குடுக்குதா, அடக்குதான்னு கைக்குத் தெரிஞ்சிரும். இது காலண்டர்ல இருக்கற மாட்டைக் கறக்கற மாதிரி இருக்குது” என்றார். அந்தப் பேச்சைப் பட்டறை முழுக்க நான்தான் பரப்பினேன்.

இப்படிக் குறை சொன்னாரே தவிர, எங்களில் அந்த மிஷினோடு ஒத்துப் போனவர் அவர்தான். உதட்டை அசைத்து டிக்குகளை எண்ணிக்கொண்டே திருப்புவார். கட்டர் இரும்பைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாப் பட்டறைகளிலும் ஒரு வழி உண்டு. சிகரெட் பெட்டிக்குள் வருகிற மெல்லிய தாளைக் கிழித்து, சுற்றும் கட்டருக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கையால் பிடித்திருப்பார்கள். மறு கையால் டேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருவார்கள். கட்டர் தாளைப் பிடுங்கிய நொடியில் நிறுத்த வேண்டும். வாழவந்திக்காரர் தாளை இடது கையில் பிடிப்பார். டயல் பெட்டி வலது பக்கம் கொக்கியில் தொங்கும். வலது கை அதன் மேல் இருக்கும்.

மழையில் டேபிள் தானாக நடந்து வந்தது என்று முதலில் சொன்னேனே, அது இப்படித் தாள் பிடித்திருந்தபோதுதான்.

அதற்குப் பிறகும் வந்தது. எப்போதும் வரவில்லை. மழை கொட்டும்போது வந்தது. காற்றடிக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் ஓடும்போது வந்தது. வெயிலடிக்கிற நாளில், கம்ப்ரசர் நின்றிருக்கும்போது, பசு மாதிரி நின்றது. நான் திருப்பினால் ஒன்றும் ஆவதில்லை. முதலாளி திருப்பினாலும் இல்லை. வாழவந்திக்காரர் நின்றால் மட்டும்தான் நடந்தது.

ஒருநாள் காலையில் பட்டறையைத் திறந்தபோது டயலின் விளிம்பில் காய்ந்த ரத்தம் இருந்தது. சிவப்புப் பெயிண்டோ என்று சுரண்டிப் பார்த்தேன். இல்லை. முந்தின நாள் யாருக்கும் அடிபடவில்லை, எல்லோரையும் கேட்டாயிற்று. வாழவந்திக்காரரும் இரண்டு கைகளையும் தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டிவிட்டு, “நமக்கு ஒண்ணுமில்லைங்க” என்று போய்விட்டார். பட்டறை கூட்ட வரும் அக்கா மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“கேக்க ஆரம்பிச்சிருச்சு சாமி” என்றார்.

“என்னத்தக்கா கேக்குது?”

“என்னைக் கேட்டா? அதுக்கு ஆளு அமைஞ்சிருச்சு. அவரை மட்டுந்தான் தேடிக்கிட்டு வருது, பாக்கறல்ல?”

அன்றோடு அவர் அந்த மிஷினின் அடியில் கூட்டுவதை நிறுத்திவிட்டார். சீவலும் சுருளுமாக இரும்புத் துகள் அங்கே குவிந்துகொண்டே போனது. இருட்டின மத்தியானங்களில், பனிக்குள் அந்தக் குவியல் மினுங்குவதையும், அதற்கு மேலே பச்சை எழுத்தில் எண்கள் தெரியும் சின்னக் கண்ணாடி எரிவதையும் பார்த்தால் நானே அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். ஒருதரம் யாரும் அருகில் இல்லாதபோது அந்தக் கண்ணாடியில் கடைசி எண் பூச்சியம், ஒன்று, பூச்சியம், ஒன்று என்று மாறிக்கொண்டேயிருந்தது, மூச்சு விடுவதைப்போல. கம்ப்ரசர் ஓடும்போது தரை அதிர்கிறது, டயலுக்குள் கோடு வெளிச்சத்தின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது, அதனால் இப்படி ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு எண்ணுக்கு மேல் அது போகாது. விரலை நறுக்க அது போதாது. இதை வாழவந்திக்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அதுக்கும் முடிவெடுக்கத் தெரியலை” என்றார்.

‘அதுக்கும்’ என்று ஏன் சொன்னார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

முதலாளி ஒரு சட்டம் போட்டார்: மழை பெய்தால் அந்த மிஷினுக்கு லீவு. ஏற்காட்டில் மழைக்கு லீவு விட ஆரம்பித்தால் ஐப்பசி முழுக்க ஊருக்குப் போய்விடலாம் என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் சட்டம் போட்ட பிறகும், தூறல்தானே என்று ஆரம்பித்த வேலை நடுவில் மழையாகிவிடும். ஒரு மத்தியானம் வாழவந்திக்காரரின் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினார். கணவருக்குச் சோறு கொண்டுவந்ததாகச் சொன்னார். ஆனால் சோற்றுப் போசியை அவரிடம் கொடுத்துவிட்டு நேராக நான் இருந்த இடத்துக்கு வந்தார். ஊரில் பேச்சாகிவிட்டதாம், மிஷின் ஆளைத் துரத்துகிறது என்று. தினமும் சாயங்காலம் கணவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவருடைய இரண்டு கையையும்தான் இவர் முதலில் பார்க்கிறாராம்.

“தம்பி, அவுரு கையோட ஊடு வந்து சேரோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க” என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஒரு டெக்னீசியனை வரவழைத்தார். இளவயசுப் பையன், நல்ல மாதிரி. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து டயலைச் சோதித்தார். ஒயரைச் சோதித்தார். ஈரம் இறங்கியிருக்கும் என்று என் பங்குக்கு நான் சொன்னதையும் தட்டிக்கழிக்காமல், ஒவ்வொரு முனையாகத் துடைத்துப் பார்த்தார். கூரையில் ஹோஸ் வைத்துத் தண்ணீர்கூட அடிக்கச் சொன்னார், மழைச் சத்தத்துக்காக. டேபிள் அசையவேயில்லை. கிளம்பும்போது ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி, டயலில் ஒரு குறையும் இல்லை, திருப்பாத டிக் எதுவும் உள்ளே போகவில்லை, ஆகவே யாரோதான் திருப்புகிறார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஜீப் போய்விட்டது.

அடுத்த மழைக்கு நான் தயாராக இருந்தேன். வாழவந்திக்காரருக்குப் பின்னால், சிவப்புக் குமிழின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் டயலைப் பிடித்து நாலைந்து கோடு திருப்பின. பிறகு விட்டுவிட்டு மேலே உயர்ந்தன. கையை எடுத்துவிட்டார் என்றுதான் எவரும் சொல்வார்கள். அவரும் அதைத்தான் சொல்லிவந்தார்.

ஆனால் கை முழுதாகப் போகவில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் லேசாக மடங்கினபடி டயலின் விளிம்பிலேயே கிடந்தன, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதைப்போல. அவர் தாளைக் கவனித்து இன்னும் கொஞ்சம் குனிந்தார். தோள் சாய்ந்தது. அந்த இரண்டு விரல்களும் தோளின் பாரத்தோடு வழுக்கி, டயலைத் தங்களோடு இழுத்துக்கொண்டு போயின. மழைச் சத்தத்தில் டிக் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பச்சை எண்கள் ஓடின. டேபிள் வந்தது.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒருவித நிம்மதி, சாட்சி கிடைத்துவிட்ட நிம்மதி.

“பாத்தீங்களா தம்பி? நான் தொடலை. வருது பாருங்க, வருது.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு விரல்களும் திருப்பிக்கொண்டிருந்தன. நான் குமிழை அடித்தேன். பேய் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மனிதர் ஒரு பக்கம் நின்று சத்தியம் செய்கிறார். அவருடைய கையே அவருக்குத் தெரியாமல் வேறொரு காரியம் பார்க்கிறது.

மிஷினை அணைத்துவிட்டு, டீ குடிக்கலாம் வாங்கண்ணா என்று கூட்டிப் போனேன். ரோட்டோரக் கடையில் கண்ணாடி டம்ளரில் நுரை தளும்பத் தருவார்கள். நான் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பேன். அவரோ டம்ளரின் அடிப்பாகத்தை, அதிலும் ரொம்பச் சுடும் இடத்தை, சுண்டுவிரல் பக்கத்தில் தாங்கிக்கொண்டு நிம்மதியாகக் குடிப்பார். ‘எருமைத்தோலுண்ணா உங்களுக்கு’ என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு பழைய வெட்டு கறுத்துக் கிடந்தது. அதற்குள் மயிரிழை போல ஒரு இரும்புச் சுருள் இன்னமும் இருந்தது. டயலில் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்கு இனி யார் போய்ச் சொல்வது?

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இறங்கிப்போய், யாருக்கு என்று சொல்லாமல் விவரத்தை மட்டும் சொன்னேன். உணர்ச்சி இல்லாத விரல், மடங்கத் தொடங்கின விரல் என்றதும், தோலில் வெளுத்த தேமல் ஏதாவது உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஏற்காட்டுக் குளிரில் எல்லோரும் முழுக்கைச் சட்டைதானே போடுகிறோம். அவர் அந்த வியாதியின் பேரைச் சொன்னார். இப்போது மாத்திரை இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சும்மாவே தருகிறார்கள், சீக்கிரம் வந்தால் மிச்சமிருக்கும் விரல்களைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் கை போய்விடும் என்றார்.

எப்படிச் சொல்வது? எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊருக்கே தெரியும். இரண்டு நாள் அந்த வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், மழை விட்டு வெளிச்சமாக இருந்த மத்தியானத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, டயலை ஒரு தரம் பார்த்துவிடலாம் வாங்கண்ணா என்று கூப்பிட்டேன்.

“கண்ணை மூடிக்குங்க. நான் டயலைத் திருப்புவேன். டிக்குன்னு விரல்ல பட்டா ‘இப்ப’ன்னு சொல்லுங்க.”

“கண்ணாமூச்சிங்களா?” என்று சிரித்தார். ஆனாலும் வந்தார்; டயல் பெட்டியைக் கொக்கியிலிருந்து இறக்கி நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மோட்டார்களை அணைத்திருந்தேன். சத்தத்தை வைத்து அவர் சொல்லிவிடக் கூடாது என்று கம்ப்ரசரை ஓட விட்டேன். அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களை எடுத்து டயலின் மேல் வைத்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன. கண்ணை மூடினார்.

நான் திருப்பினேன். பத்துக் கோடு, இருபது கோடு. விளிம்பு அவருடைய விரல்களுக்கு அடியில் தட்டித் தட்டி ஓடுவதை நான் பார்க்கிறேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பள்ளிக்கூடப் பையனைப்போலக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. திருப்புவதை நிறுத்திக் கையை எடுத்துவிட்டேன்.

“இப்ப” என்றார்.

நான் டயலைத் தொடவில்லை.

“இப்ப. ம்... இப்ப.”

டயல் அசையாமல் இருந்தது. பட்டறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவர் கண்ணை மூடியபடி, நடக்காத ஒன்றை ஒவ்வொன்றாக எனக்கு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்திலிருந்து பேச்சே வராததனாலோ என்னவோ, கண்ணைத் திறந்தார். முதலில் என் கைகளைப் பார்த்தார். அவை என் மடியில் கிடந்தன. அப்புறம் டயலைப் பார்த்தார். அப்புறம் தன் விரல்களை.

அதற்குள் கம்ப்ரசர் தொட்டி நிறைந்து தானே நின்றுவிட்டது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டும் நீர் கூரையில் விழுவது கேட்டது.

“தெரியுமுங்க” என்றார். “பேரு வெச்சா வந்துருமோன்னு இருந்தேன். மிஷின் மேல பழி விழுந்துச்சு. விழட்டும்னு உட்டுட்டேன்.”

பிறகு அவருடைய பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். கரடியூர்ப் பக்கம், காட்டோரத்தில் ஒரு குடிசையில் தனியாக வைத்திருந்தார்களாம். இவர் சின்ன வயதில் சோறு கொண்டுபோய் ஒரு பாறை மேல் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இவர் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பெரியப்பா வெளியே வர மாட்டாராம். பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வருமாம், ‘வெச்சுட்டியா கண்ணு?’ என்று. வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிடுவாராம். முகத்தைப் பார்த்த ஞாபகமே இல்லையாம்.

“நம்மளுக்கும் அந்தப் பாறைதானுங்களா தம்பி?”

இல்லைங்ணா என்றேன். கம்பவுண்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மாத்திரையைப் பற்றி, பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி, இப்போதெல்லாம் யாரையும் தனியாக வைப்பதில்லை, வீட்டிலேயே இருக்கலாம் என்பதை. சீக்கிரம் போனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றதையும் சொன்னேன். காலை முதல் பஸ்ஸுக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. வலது கையை இடது கையால் பிடித்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைக் கீழே விட்டுவிட்டார். பார்வை இடது கையில் நின்றது.

“இதையும் பாத்துருங்க” என்றார்.

எழுந்து போய், தொட்டியின் காற்றைத் திறந்துவிட்டு, கம்ப்ரசரை அவரே போட்டார். சத்தம் முழுதாகக் கிளம்பும் வரை அதன் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்து, இடது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் டயலின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.